ஐஸ் தண்ணியில தெர்மாமீட்டர்

எங்க அண்ணி பார்க்கற வேலையைச் சொன்னா யாரும் நம்பறதில்ல. நிதித்துறை ஆபீஸ்ல தினமும் காலையில பதினோரு பத்திரிகை அவங்க மேஜைக்கு வரும். நிதியமைச்சர் வர்ற கார்ட்டூனையெல்லாம் கத்தரிச்சு, ஒரு படிவத்துல ஒட்டி, பக்கத்துல 'பொருள்' எழுதணும். கீழே ரெண்டு கட்டம்: சாதகம், பாதகம். ஒண்ணுல டிக் போட்டுக் கையெழுத்து போடணும். சிரிப்பை விளக்கறதுக்கு ஒரு ஆளை வேலைக்கு வெச்சிருக்கற ஒரே இடம் அதுதான்னு நான் ஓட்டுவேன். "உன் பிழைப்பைப் பாருடி"ம்பாங்க. கல்யாணம் பண்ணிக்காம அந்த வீட்டுலயே ஒட்டிக்கிட்டிருக்கற நாத்தனாருக்கு அவ்வளவுதான் மரியாதை.

பத்தொன்பது வருஷம் இதையே பார்த்துப் பார்த்து, கார்ட்டூனுக்கு அவங்களுக்குச் சிரிப்பே வராது. குண்டா இருக்கறவர் யாரு, மூட்டைமேல என்ன எழுதியிருக்கு, எலி எந்தத் துறை, இப்படித்தான் பார்ப்பாங்க. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த படத்துக்கு மட்டும் ஆபீஸ்லயே சத்தமா சிரிச்சுட்டாங்களாம். கட்டில்ல ஒரு நோயாளி, போர்வைமேல 'பொருளாதாரம்'னு எழுதியிருக்கு, உடம்புல ஆவி பறக்குது. பக்கத்துல டாக்டர் கோட்டுல நம்ம அமைச்சர். தெர்மாமீட்டரை நோயாளி வாயில வைக்காம ஐஸ் தண்ணி டம்ளர்ல முக்கி எடுத்து, "காய்ச்சல் இறங்கிடுச்சு"ன்னு இளிக்கிறார். விலைவாசி குறைஞ்சுடுச்சுன்னு முந்தின நாள்தான் அவர் மேடையில புள்ளிவிவரம் வாசிச்சிருந்தார்.

பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். மனுஷன் பதவி உயர்வுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்த நேரம்.

"அமைச்சர் பொருளாதாரத்துக்கு வைத்தியம் பார்க்கறார். சாதகம்னு போடுங்கம்மா."

"சார், அந்த டம்ளர்..."

"டம்ளரை விடுங்க. கிடங்குல ஒரு இடம் காலியா இருக்கு, தெரியும்ல?"

பழைய கோப்பெல்லாம் கொட்டி வெச்சிருக்கற கிடங்கு அது. பஸ்ல மூணு மணி நேரம். எங்க அண்ணனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து நாலு வருஷம் ஆச்சு. வீடு ஆபீஸுக்குப் பின்னாடி தெரு. மத்தியானம் ஒரு மணிக்கு அண்ணி ஓடி வந்து ஊட்டிவிட்டுட்டு ஓடுவாங்க. நீ என்னத்துக்கு இருக்கேன்னு என்னைக் கேட்காதீங்க. நான் ஊட்டினா அண்ணன் துப்புவான், நான் கத்துவேன், ஒரு வாரம் தாங்காது. அண்ணி சாதகத்துல டிக் போட்டாங்க.

அமைச்சர் டிக்கைப் பார்த்தார், டாக்டர் கோட்டுல தன் மூஞ்சியைப் பார்த்தார். மனசு குளிர்ந்து போய், படத்தைப் பெரிசாக்கி வரவேற்பறையில மாட்டச் சொல்லிட்டார். ஆள் உயரத்துக்கு மாட்டினாங்க. ரெண்டு நாளா வந்தவன் போனவனெல்லாம் அதுக்கு முன்னாடி நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். மூணாம் நாள்தான் அமைச்சர் டம்ளரைப் பார்த்தார்.

பிரிவுத் தலைவர் கூசாம அண்ணியைக் கை காட்டிட்டார். கையெழுத்து அவங்களோடதுதானே. தவறான விளக்கம் கொடுத்ததுக்காகக் கிடங்குக்கு மாத்தணும்னு கோப்பு திறந்தாச்சு. அன்னைக்கு மத்தியானமே அண்ணி எனக்கு ஊட்டக் கத்துக்கொடுக்க ஆரம்பிச்சாங்க.

ஆனா அந்தக் கோப்புல ஒரு கட்டம் இருந்துச்சு: 'சரியான விளக்கம் யாது?' அதை நிரப்பாம யாரையும் மாத்த முடியாது. நிரப்பணும்னா, அமைச்சர் தெர்மாமீட்டரை ஐஸ்ல முக்கறார்னு யாராவது எழுதிக் கையெழுத்து போடணும். பிரிவுத் தலைவர் 'பார்த்தேன்'னு எழுதி மேலே தள்ளினார். மேலே இருந்தவரும் 'பார்த்தேன்'. இப்படியே எட்டு மேஜை. எட்டாவது மகராசன், கார்ட்டூனுக்குப் பொருள் எழுதறது எந்தப் பிரிவு வேலைன்னு விசாரிச்சு, கோப்பை அண்ணிகிட்டயே அனுப்பிட்டார்.

அண்ணி ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையாம். 'நோயாளியின் காய்ச்சல் குறையவில்லை. அமைச்சர் கருவியைக் குளிர வைக்கிறார். பாதகம்.' கையெழுத்து போட்டு நீட்டினாங்க. பிரிவுத் தலைவருக்கு வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. அதை மேலே அனுப்பினா அனுப்பினவர் பேரும் அதுல இருக்குமே. கோப்பைத் தன் பீரோவுல வெச்சுப் பூட்டினார். அமைச்சர் அதுக்குள்ள வேற ஒரு கார்ட்டூனைப் பார்த்துக் கொதிச்சுக்கிட்டு இருந்தார். மாற்றல் பேச்சு அதோட போச்சு.

விஷயத்தைக் கேட்டு நான் துள்ளிக் குதிச்சேன். அண்ணி அண்ணனுக்கு வாயைத் துடைச்சுவிட்டுக்கிட்டே அழுதாங்க.

"தப்பிச்சுட்டீங்களே அண்ணி, இப்ப எதுக்கு அழுகை?"

"எட்டு பேரும் என்னை விடப் பயந்தவங்கடி. அது தெரியாம பத்தொன்பது வருஷமா அவங்க சொன்ன கட்டத்துல டிக் போட்டிருக்கேன்."