கோவிந்தன் அண்ணன் கொண்டுவந்த மீன்

மம்பாவ் பசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது கோவிந்தன் அண்ணனின் மனைவி சரோஜா அண்ணி கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, அவரு போய்ட்டாருப்பா. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு, அவ்ளோதான்." பையைக் கடையிலேயே மறந்துவிட்டு ஓடினேன்.

கோவிந்தன் அண்ணன் லாபு தோட்டத்தில் பிறந்தவர், ரஹாங்கில் லாரிப் பட்டறை நடத்தியவர். அங்கே டயர் விற்கப் போன என்னையும் இழுத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்குமேல் ஸ்கூபா என்னும் ஆழ்கடல் முக்குளிப்பைக் கற்றார். கிழக்குக் கரையருகே மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலைப் பார்க்க இருவரும் ஆண்டுதோறும் இறங்குவோம். யாரும் தனியாக முங்கக்கூடாது. ஒருவர் உயிருக்கு மற்றவர் பொறுப்பு. ஒருமுறை கப்பலுக்குள் என் காற்றுக்குழாய் பழுதானபோது, தம்முடைய மாற்றுக்குழாயை என் வாயில் திணித்து மேலே கொண்டுவந்தவர் அவர்.

படகேறும் முன் உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். சில வருடங்களாக ஒவ்வொரு தடவையும், "கண்ணாடிய மறந்துட்டேன் தம்பி. நீயே எழுது லா. எல்லாத்துக்கும் இல்லன்னு போடு," என்பார். இதய நோய் உண்டா என்ற கேள்விக்கும் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். திரும்பும் வழியில் பசாரில் மீன் வாங்குவார். அண்ணிமேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

சாவு வீட்டில் அண்ணி சொன்னார்: "மூணு வருசத்துக்கு முன்ன நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. இனிமே முங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் அத விட்டுட்டு, உங்களோட தூண்டில் போட வந்தாரு."

என் அழுகை நின்றுவிட்டது. அந்த நெஞ்சை நம்பியா அவ்வளவு ஆழம் போனேன்? கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். அண்ணன் தமக்கே பறித்துக்கொண்டார், மண்வெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார். அதைப் பார்த்தபின் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி குழம்பைப் பார்த்தார்.

"அப்ப அந்த மீனெல்லாம்?"

"பசார்ல வாங்கினது அண்ணி."

"அதான் எப்பவும் கழுவியே வந்துச்சு. அவருக்கு மீன் கழுவத் தெரியாதே. நீங்கதான் கழுவிக் குடுக்கிறீங்கன்னு நெனச்சேன் தம்பி."

மாலை போட எழுந்தேன். படகில் நான் எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் சிரிக்கிறார். சட்டைப்பையில் அவருடைய கண்ணாடி தெரிகிறது.

போய் வாருங்கள் அண்ணே. உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.