எஞ்சினுக்குத் தண்ணீர் அடிக்க மறுத்த மரகதம்

டயர் கடைக்காரர்தான் போனில் சொன்னார். "மரகதம் போயிருச்சுங்க. மோட்டார்ல கரண்டு அடிச்சுப்போட்டுது." எந்த மோட்டார் என்று கேட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்த கேள்வி அதுதான். வண்டிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சும் மோட்டார். அதன் சுவிட்சுப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. அதைத்தான் அவள் தொட்டிருக்கிறாள்.

சூலூரில் லாரி வைத்திருக்கும் உங்களுக்கு அவளைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் மெக்கானிக் பட்டறையை ஒட்டினாற்போல, வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் நடத்தியவள் மரகதம். என் தங்கையைவிட இளையவள். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கழுவிவிட்ட சேற்றுத்தண்ணீர் என் பட்டறைக்குள் வரும். நான் கத்துவேன். "ஏனுங்ணா, உங்க ஆயிலு எங்கூட்டுக்கு வந்தப்ப நானு கத்துனனா?" என்பாள். தினமும் இதுதான்.

ஆயுத பூஜை வந்தால் நம் ஆட்களுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். வண்டியின் வெளிப்புறம் மின்னினால் போதாது. எஞ்சினும் மின்ன வேண்டும். விபூதி, சந்தனம் வைக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாதாம். கேபினைச் சாய்த்து, சுடுகிற எஞ்சின்மேல் முழு வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்வார்கள். டீசல் வண்டி என்றால் எப்படியோ தப்பிக்கும். கேஸில் ஓடும் லாரிக்கு ஸ்பார்க் பிளக் உண்டு. அது எஞ்சின் தலையில் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழியின் வாயை ஒரு ரப்பர் மூடியிருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், வெளியே வர வழியில்லை. பிளக் துருப்பிடிக்கும், பொறி சரியாக அடிக்காது. பாரத்தோடு மேடு ஏறும்போது வண்டி திணறி நின்றுபோகும்.

மரகதத்தின் தம்பி செல்வராசு அப்படி ஒரு கேஸ் லாரி ஓட்டினான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆயுத பூஜைக்கு அவன் வண்டியை அவளே கழுவினாள். எஞ்சினைக் கண்ணாடிபோல ஆக்கி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து அனுப்பினாள். பூஜை முடிந்த வாரமே பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கிணத்துக்கடவு மேம்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க இறங்கிப் பின்பக்கம் போனவன்மேல் ஒரு டேங்கர் மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் லாரி என் பட்டறைக்கு வந்தது. பிளக் குழியின் ரப்பரைக் கழற்றினேன். உள்ளே செம்மண் குட்டைபோலத் துருத்தண்ணீர். மரகதம் பக்கத்தில் நின்றிருந்தாள். "நானு ஊத்துன தண்ணிதானுங்களா அண்ணா?" என்று கேட்டாள். மழைத்தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. அது எப்படி உள்ளே போகிறது, எப்படிப் போகாமல் செய்வது என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு எந்த வண்டியின் எஞ்சினுக்கும் அவள் பைப்பைத் திருப்பியதில்லை. எஞ்சின் ஆறும்வரை காக்க வைப்பாள். ஈரத்துணியால் துடைப்பாள். கேஸ் வண்டி என்றால் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெடித்திருந்தால் என்னிடம் தள்ளிவிடுவாள். பிளக்கைக் கழற்றும் முன் நான் குழியில் காற்றடிக்க மறந்தால், அழுக்கும் தண்ணீரும் சிலிண்டருக்குள்ளே விழும் என்று எனக்கே திட்டு விழும். டிரைவர்கள் சண்டை போட்டார்கள். பொம்பளைக்கு இவ்வளவு ராங்கியா என்றார்கள். எதற்கும் ஒரே பதில்தான்: "மாட்டனுங்க." ஒருவர் சாமி குத்தம் ஆகிவிடும் என்று மிரட்டியபோது மட்டும் கூடுதலாகச் சொன்னாள்: "சாமிக்குப் பளபளப்பு வேண்டாமுங்க. ஓட்டுறவன் ஊடு வந்து சேரோணும், அது போதுமுங்க."

பாதிப் பேர் வேறு சர்வீசுக்குப் போய்விட்டார்கள். ஊரான் வண்டிக்குள் ஒரு சொட்டு போகக்கூடாது என்று காவல் காத்தவள், தன் சுவிட்சுப் பெட்டியின் உடைந்த மூடிக்குப் பாலித்தீன் பையைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம். செத்தவள்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். படுகிறேன்.

அவள் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒரு கேஸ் லாரி டிரைவர் வந்தார். சர்வீஸ் பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு என் பட்டறைப் பைப்பைக் கேட்டார். எஞ்சினுக்கு மட்டும் அடித்துக்கொள்கிறேன் என்றார். நான் கத்துவேனே தவிர, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழகாதவன். அன்று கத்தவில்லை. "மாட்டனுங்க" என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஒரு நாள் அடித்தால் என்ன ஆகிவிடும் என்று சிரித்துவிட்டு, அடுத்த சர்வீசுக்கு வண்டியை விட்டார்.

மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல்லாலும் அந்த லாரியை நிறுத்த முடியவில்லை. பாலத்தில் ஏதோ வண்டி நின்றுகிடக்கிறது என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம் என்ன வண்டி என்று கேட்பேன். இப்போது, டிரைவர் ரோட்டைவிட்டு ஓரமாக நிற்கிறாரா என்று கேட்கிறேன்.