மல்லிக் கோப்பியில் கரைந்த குளிசை

உதயகலாவுக்குக் கலியாணமாகி ஐந்து வருடங்களாகப் பிள்ளை இல்லை. அச்சுவேலியில் அவளோடு கதைத்தவர்கள் எல்லோரும் அவளுடைய வயிற்றைப் பார்த்தபடியே கதைத்தார்கள். கணவன் கஜீபனைப் பார்த்து எவரும் எதுவும் கேட்கவில்லை. மாமி குணலட்சுமி சொன்ன விரதமெல்லாம் அவளே பிடித்தாள். கோயில் மரத்தில் தொட்டில் கட்டினாள். பட்டினி கிடக்கச் சொன்ன ஊரில் ஒருவராவது ‘இரண்டு பேரும் போய்ச் சோதியுங்கோ’ என்று சொல்லவில்லை.

அடிவயிற்று நோவு தாங்காமல் ஒருநாள் அவளாகவே பஸ் ஏறினாள். தைக்கக் கொடுத்த சட்டை எடுக்கப் போவதாக மாமியிடம் சொல்லியிருந்தாள். கிளினிக்கில் சோதித்துப் பார்த்த பெண் டொக்டர் மறைக்காமல் சொன்னார்.

“இது கிளமிடியா எண்ட கிருமி. உடலுறவாலை தொத்துறது. பயப்பிடாதேங்கோ, ஒரு கிழமை காலையும் இரவும் குளிசை குடிச்சால் மாறும். ஆனா அவரும் குடிக்கவேணும். இல்லாட்டி அவரிட்டை இருந்து திரும்பவும் வரும்.”

“அவருக்கு ஒரு நோவும் இல்லை, டொக்டர்.”

“கனபேருக்கு நோவிராது. அதுதான் கரைச்சல். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

கஜீபன் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டது அவன்தான்.

“எனக்கென்ன வருத்தம்? நாம்பன் மாடு மாதிரி நிக்கிறன். அந்தக் கிளினிக் வாசல்லை என்னைக் கண்டால் சந்தையிலை என்ன கதைப்பாங்கள் தெரியுமே? நீ எங்கை வாங்கினியோ, நீயே குடிச்சு மாத்து!”

அவள் அழுதாள். பிறகு யோசித்தாள். அந்த வீட்டில் காய்ச்சலுக்கு ஒருவர் மருந்து எடுத்து வந்தால் காய்ச்சல்காரர் எல்லோரும் பங்கிட்டுக் குடிப்பதுதான் வழக்கம். அதையே செய்தாள். இரவுக் குளிசை தனக்கு; காலைக் குளிசை அவனுக்கு. அதன் கூட்டைத் திறந்து, தூளை அவனுடைய மல்லிக் கோப்பியில் கொட்டி, உறைக்கிற வேர்க்கொம்புத் தூளும் சீனியும் கூடப் போட்டுக் கலக்கினாள்.

“என்னப்பா, கோப்பி கைக்குது?”

“மல்லி கருகிப் போச்சு.”

“மல்லி வறுக்கவும் தெரியாது. நல்ல பொம்பிளைதான்!”

லொறி போன நாட்களில் அவனுடைய பங்கு அலுமாரியிலேயே கிடந்தது. பாதி மருந்துக்குப் பாதி நோயாவது போகும் என்று அவள் நம்பினாள். கிருமிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. குறை மருந்தில் தப்பியது உள்ளேயிருந்து மறுபடி பெருகும். இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது ரீச்சர் “இதை வீட்டிலை வாசியுங்கோ” என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் அந்தப் பக்கத்தை யாரும் திறக்க விடவில்லை. வெட்கம் என்ற பெயரில் நாம் வளர்த்து வைத்திருப்பது இந்த அறியாமையைத்தான்.

நோவு கொஞ்சம் தணிந்தது. மாறிவிட்டது என்று நினைத்து, வரச்சொன்ன நாளில் அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. போனால், “அவர் எங்கை?” என்று கேட்பார்களே.

அடுத்த வருடம் மாதவிலக்குத் தள்ளிப்போனது. மாமி கோயிலில் தேங்காய் உடைத்தாள். கஜீபன் தம்புள்ளையிலிருந்து ஒரு பெட்டி மாதுளம்பழம் கொண்டுவந்தான். கலியாணத்துக்குப் பிறகு உதயகலா அவ்வளவு சிரித்ததை அயல் கண்டதில்லை. ஒருநாள் வெங்காயத் தோட்டத்தில் வயிற்றைப் பொத்திக்கொண்டு விழுந்தாள்.

கரு கருப்பைக்குப் போய்ச் சேராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. கிருமி உள்ளே தழும்பாக்கிய குழாய். அதை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். மற்றக் குழாயும் அடைபட்டுவிட்டது என்றார்கள்.

“முந்தித் தந்த குளிசையெல்லாம் நீங்கள்தான் குடிச்சனீங்களோ?” என்று வார்ட் டொக்டர் கேட்டார். கட்டிலருகே கஜீபன் நின்றான்.

“ஓம், எல்லாம் நான்தான் குடிச்சனான்,” என்றாள்.

மறுபடி சோதித்தபோது கிருமி இன்னும் இருந்தது. இம்முறை டொக்டர் குளிசையைக் கஜீபனின் கையிலேயே கொடுத்தார். அவன் தண்ணீர் வாங்கி அங்கேயே விழுங்கினான்.

“இவ்வளவுதானே?” என்றான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மாமி இப்போதும் வருகிறவர்களிடம், “என்ரை பிள்ளையின்ரை விதி” என்கிறாள். அவள் சொல்லும் பிள்ளை கஜீபன். வயிறு அறுபட்டவளின் பெயர் அந்தப் பேச்சில் வருவதேயில்லை.

காலையில் உதயகலா வழக்கம்போல மல்லிக் கோப்பி வைக்கிறாள். தங்கள் குளிசைகளை இருவரும் முழுதாகக் குடித்து முடித்துவிட்டார்கள். கோப்பியில் கலக்க இனி எதுவும் இல்லை.

“இப்பதான் நீ மல்லி வறுக்கப் பழகியிருக்கிறாய்,” என்றான் கஜீபன்.

“ஓம்,” என்று சொல்லி, அவள் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.