அறுபதில் ஓட வேண்டிய மெஷின்

அத்தானைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது 'காயில்', கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கருகிப்போன மோட்டாரைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால், பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, ஓடவிட்டுக் காட்டித்தான் கையில் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பெயரே 'காயில்'தான்.

கெட்டது என்னவென்றால், மனிதர்கள் சொல்வதை அவர் நம்பமாட்டார். பம்பு தண்ணீர் இழுக்கவில்லை என்று வருகிறவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு மீட்டரை எடுப்பார். "வர்றவங்க ஆளுக்கொரு கதை விடுவாங்க. முள்ளு கதை விடாது" என்பார். கடைக்கு அது சரி. வீட்டிலும் அதே சட்டம்தான். என் அக்கா உடம்பு சுடுகிறது என்றால் தெர்மாமீட்டர் வரும். பாதரசம் ஏறவில்லையா, காய்ச்சல் இல்லை; எழுந்து வேலையைப் பார்க்க வேண்டியதுதான். "நான் செத்தாலும் உங்கத்தான் மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான்டி அழுவாரு" என்று அக்கா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகள் அங்கிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கி அனுப்பினாள். உள்ளே ஒரு மோட்டார் அறைக் காற்றை இழுத்து அழுத்தும். ஒரு வடிகட்டி அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். சிக்கல் ஒன்றுதான். அந்த ஊர் மின்சாரம் நூற்றுப் பதினைந்து வோல்ட். நம் வீட்டுப் பிளக்கில் வருவது அதைப்போல இரண்டு மடங்கு.

அத்தானுக்கு அது ஒரு வேலையே இல்லை. கடையைச் சாத்திவிட்டு, வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றினார். கட்டில் பக்கத்தில் வைத்து மீட்டரை மாட்டினார். முள் நூற்றுப் பதினைந்தில் போய் ஆணி அடித்தாற்போல நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேரன் பிறந்த மாதிரி இருந்தது. மெஷின் ஓடியது, விளக்கு எரிந்தது, குழாயில் காற்றும் வந்தது.

"காத்து பத்தலங்க" என்றாள் அக்கா.

"முள்ளப் பாரு. ஒரு வோல்ட் கூடக் குறையல."

"முள்ளு சரிங்க. எனக்குப் பத்தலயே."

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் கிளிப்பில் எண் கீழேதான் இருந்தது. அதை அவர் நம்பினார். ஆனால் மெஷின் சரியாக இருக்கிறது, நுரையீரல்தான் மோசமாகிறது என்று முடிவு கட்டினார். குமிழைத் திருகிக் காற்றைக் கூட்டினார். அவளுக்கு இன்னும் மூச்சிரைத்தது. அவர் இன்னும் திருகினார். அவள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள், பேச மூச்சு வேண்டுமே.

மகள் போனில் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்குள் அவள் காதில் மெஷின் சத்தம் விழுந்துவிட்டது.

"அப்பா, மெஷின் ஏன் இப்படி இழுக்குது? அனுப்புறதுக்கு முன்னாடி நான் ஓட்டிப் பார்த்தேனே, இந்தச் சத்தம் இல்லயே."

"வோல்ட் கரெக்டா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே அத்தான் குனிந்து மெஷினின் பின்பக்கத் தகட்டைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தகட்டில் வோல்ட்டுக்கு அடுத்த வரியில் அறுபது என்று போட்டிருந்தது. மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை சுற்று ஓடுகிறது என்ற கணக்கு அது. நம் ஊரில் ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைக் குறைக்கும், இந்தக் கணக்கைத் தொடாது. மோட்டாரின் வேகமோ இந்தக் கணக்கைப் பொறுத்தது. அறுபதில் ஓட வேண்டியது ஐம்பதில் ஓடினால் மந்தமாக ஓடும், சூடாகும், காற்றை முழுதாக அழுத்தாது. குமிழைத் திருகத் திருகக் குழாயில் காற்று கூடியது, அழுத்தம் பத்தாத வடிகட்டியால் ஈடுகொடுக்க முடியாமல் அதிலிருந்த ஆக்ஸிஜன் குறைந்தது. அத்தானுக்கு இது தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவர் கடைக்கு வந்த மோட்டார் எல்லாவற்றிலும் அந்த வரியில் ஐம்பதுதான். படித்துப் படித்து, அந்த வரியைப் படிப்பதையே அவர் கண் விட்டுவிட்டது.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தாள், நுரையீரல்தான் தேறவில்லை. நம் மின்சாரத்துக்கென்றே செய்த மெஷின் ஒன்றை அத்தான் வாடகைக்கு எடுத்துவந்தார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். கிளிப்பைக் கையால் தொடுவதில்லை. கட்டில் ஓரமாக வந்து நின்று, "காத்து போதுமா?" என்று கேட்பார். "போதுங்க" என்பாள் அக்கா. மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டுக் கடைக்குப் போவார்.

நேற்று அவர் கேட்கும்போது நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். "போதுங்க" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது அவள் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"ஏங்க்கா பொய் சொன்னே?"

அவள் மூச்சை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். "கல்யாணமான நாள்லேருந்து... இப்பத்தான்டி... நான் சொல்றத நம்புறாரு. அதப் போய் ஏன் கெடுக்கணும்?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தெருவுக்கு ஓடி, "அத்தான், அவ பொய் சொல்றா, வாங்க!" என்று கத்தினேன்.