கூண்டில் தொங்கிய பிளான் மாஸ்டர்

பிளான் மாஸ்டரோடு ஒரே கூண்டில் ஏறுவதற்கு, வெளிநாட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஆளே கிடையாது. கூண்டு என்றால், உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைப்பதற்காக மொட்டை மாடியிலிருந்து கம்பியில் இறக்கிவிடும் இரும்புக் கூண்டு. அதில் இரண்டு பேர் நிற்கலாம், தப்பித்து ஓட முடியாது. அங்கேதான் வம்பு. அவன் கை அது பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கும், வாய் மட்டும் ஊருக்குப் போய் என்ன தொழில் செய்யலாம் என்று ஓயாமல் பிளான் போடும். காது புளித்து ஆளாளுக்குக் கழன்றுகொண்டதில், கடைசியில் மாட்டியவர் உம் அண்ணன். எதைச் சொன்னாலும் 'உம்' கொட்டுவதோடு சரி, அதனால் அந்தப் பேர். பாவம், தங்கமான மனுஷர்.

பிளானுக்குப் பஞ்சமா? ஜன்னலுக்கு ஒன்று. உள்ளே மீன் தொட்டி தெரிந்தால் வண்ண மீன் வளர்ப்பு. நாலு பேர் குதித்துக் குதித்து வியர்த்தால் உடற்பயிற்சிக் கூடம். இடையில் ஆட்டுப் பண்ணை கொஞ்ச நாள் ஓகோவென்று போயிற்று. நாலு ஆட்டில் ஆரம்பித்து, அது குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டு, எட்டாவது வருஷம்வரை கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆடுகள் நிற்க ஊரில் இடமே போதவில்லை.

"அத்தனையையும் எங்கண்ணே கொண்டுபோய்க் கட்டுறது?"

"உம்."

அன்று மத்தியானம் பிளான் மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பண்ணையை இழுத்து மூடிவிட்டான்.

சலூன் பிளான் அதைவிடக் கூத்து. மனைவியின் தம்பியைக் கூட்டு சேர்த்துக்கொண்டான். பிளானில்தான். அந்தப் பையனுக்கு விஷயமே தெரியாது. கடை நன்றாகத்தான் நடந்தது. ஒரு நாள் பதினோராவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் மச்சான் கல்லாவில் கை வைத்துவிட்டான். "சொந்த அக்கா புருஷன் கடையிலயே கை வைக்கிறான், பாத்தீங்களாண்ணே!" என்று பிளான் மாஸ்டர் கொதித்தான். அதோடு விட்டானா? ஒரு மாதம் மச்சானின் போனையே எடுக்கவில்லை. அத்தானுக்கு என்ன கோபம், நான் என்ன பண்ணினேன் என்று பையன் அக்காவிடம் போய்ப் புலம்பினானாம்.

அந்த அக்காவுக்கு இப்போது தன் கவலையே பெரிதாக இருந்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். பக்கத்து டவுனில் புதுக் கிளை திறந்து, பொறுப்பை அவளிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விடியும்போதே பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு, பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. இவனுடைய ஒப்பந்தமோ அடுத்த மாதம் முடிகிறது.

"திரும்பக் கையெழுத்துப் போடாம வந்துடுறீங்களா, இல்லையா? நாளைக்கு நான் அங்க பதில் சொல்லியாகணும். இதுக்காக எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்கே தெரியும்" என்று போனில் கேட்டாள்.

வருகிறேன் அல்லது வரவில்லை, அவ்வளவுதான் கேள்வி. நம்ம ஆள் காதில் அது 'வந்தால் என்ன பிளான்?' என்று விழுந்து தொலைத்தது.

மறுநாள் பதினாலாவது மாடி உயரத்தில் மோட்டார் மக்கர் பண்ணிக் கூண்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை அசையாமல் நில்லுங்கள் என்று கீழேயிருந்து சூப்பர்வைசர் சைகை காட்டினார். அசைந்து எங்கே போவது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்டவர்கள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கூண்டில் வாளி, துடைப்பான் எல்லாமே கயிற்றில் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் போனும் பிளான் மாஸ்டரின் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க, இப்ப சொல்லியாகணும். வர்றீங்களா?"

"அந்த எடத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். மொதல்ல காளான் பிளானைக் கேளு. காளானுக்கு இருட்டு ரூம் வேணும். நம்ம படுக்கிற ரூமை அடைச்சுட்டா…"

"நாம எங்கங்க படுக்கிறது?"

"மொட்டை மாடியில. மழைக்காலத்துக்குத் தனி பிளான் வச்சிருக்கேன்."



"சரிங்க. நான் முடியாதுன்னு சொல்லிடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் குரலில் கோபமே இல்லை. பிளான் மாஸ்டர் துடைத்து முடித்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தான். 

உம் அண்ணன் பாய்ந்து போனைப் பிடுங்கினார். கயிறு இவன் கழுத்தில் அல்லவா? போனோடு தலையும் சேர்ந்து போய், இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கூட்டம் நின்றுபோய், கோட்டுக்காரர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"தங்கச்சி! முடியாதுன்னு சொல்லிடாதம்மா!" உம் அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். "இவன் தினம் தினம் என் உயிரை வாங்குறாம்மா. ஆடு, மீனு, காளான்னு எத்தனையோ சொல்லிட்டான். ஒரு பிளான்லயாவது நான் இங்கயே இருந்துடுறேன்னு சொல்லியிருக்கானா? எல்லாமே உங்க வீட்டு வாசல்லதாம்மா ஆரம்பிக்குது. இவனுக்கு வரணும். சும்மா வர்றேன்னு சொல்ல வெக்கப்படுறான்!"

"அண்ணே, கழுத்து…" என்றான் பிளான் மாஸ்டர்.

"கெடக்கட்டும். அவகிட்டப் பேசுடா!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையில் சோப்புத் தண்ணீர் இருந்ததால் கண் இன்னும் எரிந்தது.

"ஆமாம்மா. வரணும்னுதான் இருக்கு. வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து உன் முன்னால நிக்கப் பயமா இருக்கு."

"இங்க ஒரு வேலை காலியா இருக்கு" என்றாள் அவள். "சம்பளம் கிடையாது. காலையில ரெண்டையும் எழுப்பி, குளிப்பாட்டி, சோறு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பணும். சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் மண்டையை ஒடைச்சுக்காம பாத்துக்கணும். லீவே கிடையாது. முடியுமா?"

பிளான் மாஸ்டர் வாயைத் திறந்தான். லாப நஷ்டம் பேச ஆரம்பித்துவிடப் போகிறானே என்று உம் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எப்ப வந்து சேரணும்?" என்று கேட்டான்.

"நேத்தே வந்து சேந்திருக்கணும்!" என்று அவள் சீறினாள். இப்போது குரலில் நன்றாகவே கோபம் இருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.