ஏரோப்ளேன் இருக்கு, இறங்க இடம் இருக்கா?

ஏரோப்ளேன் வாடகைக்கு விடும் தொழிலில் இயந்திரம் அபூர்வமாகத்தான் மக்கர் பண்ணும்; ஏற வருகிற ஆள் தினமும் பண்ணுவார். கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கு யோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பள்ளியை விட்டதும் கோலாலம்பூரில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. எங்களிடம் இருந்தது மூன்று. திறந்த சின்னதில் பைலட்டைத் தவிர ஒரே ஒரு ஆள். மூடிய பெரியதில் மூன்று பேர். இன்னொன்று தண்ணீரில் மட்டுமே இறங்கும். கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில் கட்டிக் கிடக்கும். யாருக்கு எது சரி என்று சொல்வது என் வேலை. ஆபீஸுக்குத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்த மாசம் சோதனை. வர்ற ஆளத் திருப்பி அனுப்பினா பின்னாலேயே நீயும் போயிடு." வேலை போனால் உடனே கல்யாணம் என்று பிரிக்பீல்ட்ஸில் அப்பாவுக்கு ரயில்வே கொடுத்த வீட்டில் அம்மா காத்திருந்தார். மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வேலை முக்கியம்.

வேட்டி

கிள்ளான் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஈப்போ போக வந்தார். வாடகை குறைவு என்று திறந்ததைக் கேட்டார். இடுப்பில் பட்டுக்கரை வேட்டி. "அண்ணே, காத்து பலமா அடிக்கும். ஈப்போவுல நீங்க இறங்குவீங்க, வேட்டி பாதி வழிகூடப் போகாம ரவாங்லயே இறங்கிடும்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். தொலைந்தது வேலை என்று நினைத்தேன். மறுநாள் கணுக்காலுக்கு மேலே நிற்கிற காற்சட்டையோடு வந்து ஏறினார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது என் மருமகனோடது. அவன் கேட்டா நான் வேட்டியிலதான் போனேன்னு சொல்லு."

மிதப்பது

தோட்டத்துக் கங்காணி ஒருவருக்குத் தண்ணீரில் இறங்குவதுதான் வேண்டுமாம். விழுந்தாலும் மிதக்குமே. போக வேண்டிய ஊர் ரவாங். அங்கே தண்ணீர் என்றால் ஈயம் தோண்டின குட்டைதான். "குட்டையில இறங்கலாம், திரும்ப ஏற முடியாது. ரயில்ல போங்கண்ணே, சீக்கிரம் போயிடலாம்" என்றேன். பின்னால் பெரிய கிராணி நின்றுகொண்டிருந்தார். கங்காணி போனதும் அவர் மெதுவாகத்தான் பேசினார்: "ரயில்வேக்காரன் மகதானே நீ. அவங்ககிட்டயே போய்ச் சம்பளம் வாங்கிக்க. இன்னொரு தடவ பொறுத்துக்கமாட்டேன்."

பெரிய கிராணி வீட்டுப் பயணம்

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே வாடிக்கையாளர். பேராக் தோட்டத்தில் இருந்த மகளுக்குப் பிரசவ வலி. வெள்ளத்தில் ரோடும் போய்விட்டது, ரயிலும் நின்றுவிட்டது. மனைவியோடு வந்து பெரியதை எடுக்கச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் இறங்க இருப்பது துரை பந்து விளையாடும் திடல்தான். பெரியது இறங்கினால் ரப்பர் மரத்தில்தான் நிற்கும். சொன்னால் வேலை போகும். சொன்னேன். "சின்னதுதான் சார் இறங்கும்."

"அதுல ஒரு ஆள்தானே. அப்போ நான் போறேன்."

"நீங்க போய் என்ன சார் செய்யப் போறீங்க? அம்மா போகட்டும்."

அந்த அம்மா பத்திய மருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வாசலில் மட்டும் நின்றார். "செவ்வாக்கிழமை வடக்கே சூலமாச்சே." பைலட் சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னேன்: காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, தெற்கே பார்த்துக் கிளம்பி மேலே போய்த்தான் திரும்புவார்கள். "மேல போனப்புறம் சூலம் என்ன பண்ணும்" என்று சேலையை இழுத்துச் செருகி ஏறிவிட்டார்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து போன் வந்தது. பேத்தி, தாயும் சுகம். பெரிய கிராணி ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அடுத்த மாசமும் வா. ஆனா ரயிலப் பத்தி வாயத் திறக்காதே."

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: எல்லோரும் எதில் ஏறலாம் என்று கேட்டு வருகிறார்கள், எங்கே இறங்கணும் என்று கேட்கிற என்னைத்தான் வாயாடி என்கிறார்கள்.