சீர்ப்பெட்டியில் டீசல்

“…அதான் கேக்குறேன், இந்த அதிரசத்த எண்ணெயில சுட்டாகளா, இல்ல டீசல்ல சுட்டாகளா?” என்றார் என் தங்கையின் மாமியார்.

கையில் ஒரு அதிரசம். அதை மூக்குக்கு நேரே பிடித்திருந்தார். சுற்றிச் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பந்தி வீட்டுக் குசும்பு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தபடியே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காதுமடல் சூடாகிறது.

அன்று என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், அவள் வாழ்க்கைப்பட்ட ஊரின் கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் சீர் சபையில் இறங்கின பிறகுதான் ஆசாரி ஊசியையே கையில் எடுப்பார். அந்தத் தாய்மாமன் நான். சீர் வந்து இறங்கியது என் சொந்த வண்டியில்.

வண்டி வாங்கிய கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். காளவாசலில் எனக்கு மாட்டுத்தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வாடகை வண்டியில் மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தவனிடம் ஒரு புரோக்கர் வந்து வாய்ஜாலம் காட்டினார். “அண்ணே, பெட்ரோல் வண்டி மைனர் மாதிரி, பொழுதன்னைக்கும் செலவு. டீசல் வண்டி குடும்பஸ்தன். கொடுத்ததக் குடிச்சுட்டு நாள் பூரா ஒழைக்கும்” என்றார். யார் வாயிலாவது இப்படி ஒரு சொல் விழுந்துவிட்டால் போதும், நான் மயங்கிவிடுவேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வண்டியை வாங்கினேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இரண்டு கை மாறி வந்த டீசல் பிக்கப். நான்தான் அதைப் பிக்கப் என்றேன். எங்கள் தெருவில் வேன் என்றார்கள். கடைக்கு வருகிற, காடுகரை வைத்திருக்கிற சம்சாரிகள் குட்டி லாரி என்றார்கள்.

வாங்கியதும் முதல் வேலையாக முன்சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் உறை போட்டேன். காலடிக்கு ஒரு கயிற்று மிதியடி. கண்ணாடிக்கு மேலே நைலான் குஞ்சம். பின்னால் புண்ணாக்கு மூட்டை ஏறும், முன்னால் நான் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

காலையில் சாவியைத் திருப்பி, இஞ்சின் ஹீட்டர் சிவக்கும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்கக் கரும்புகை பரவும். எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம் வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற ரகம் இல்லை, பதம் பார்த்துத்தான் சொல்லும். “அண்ணே, ஒங்க வண்டி புண்ணியத்துல எங்க வீட்டு வெள்ளை வேட்டி பூராம் சபரிமலைக்கு மாலை போட்டிருச்சு” என்றது ஒருநாள். அதையும் நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, அவர்கள் துணிக்கொடியைத் தள்ளிக் கட்டிக் கொடுக்கவில்லை.

டீசல் வண்டியோடு குடித்தனம் நடத்துவது லேசு இல்லை. டீசல் வருகிற பைப்பில் காற்றுப் பிடித்துக்கொண்டால் நடுரோட்டில் படுத்துவிடும். இறங்கி, கைப்பம்பை அடித்து, காற்றை வெளியே தள்ளிவிட வேண்டும். அதற்குள் முழங்கை வரை டீசல் வழிந்துவிடும். சட்டையில் டீசல், தலைமுடியில் டீசல். என் சட்டைகளை வீட்டுக் கொடியில் போடவிடாமல் கொல்லையில் தனியாக ஒரு கம்பி கட்டிவிட்டாள் மனைவி. எனக்கானால் கொஞ்ச நாளில் அந்த வாடையே தெரியாமல் போய்விட்டது. “எங்கடி வாடை?” என்று கேட்பேன். “ஒங்களுக்கு ஆண்டவன் மூக்கக் குடுத்தது கண்ணாடி மாட்டத்தான்” என்பாள்.

காதுகுத்துக்கு நாள் குறித்ததும் தங்கை கடைக்கே வந்துவிட்டாள். மூட்டைமேல் உட்கார்ந்து, சோடா வாங்கிக் கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். அந்த வீட்டு இன்னொரு மருமகளான அவளுடைய ஓரகத்தியின் மகனுக்குக் காது குத்தியபோது அந்தப் பெண்ணின் அண்ணன் டிராக்டரில், மேளத்தோடு சீர் கொண்டுவந்தாராம். அன்றையிலிருந்து மாமியார் வாய் சும்மா இருக்கவில்லை.

“‘ஒங்கண்ணே தேங்காப் பையத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்து எறங்குவாரோ?’ன்னு நாலு பேரு முன்னாடி கேக்குறாகண்ணே. ‘எங்கண்ணே வேன் வச்சிருக்கு, சொந்த வேன்ல வரும்’னு நானும் சொல்லிட்டேன். நீ எனக்கு நகைநட்டு ஒண்ணும் போட வேணாம். நாலு பேரு பாக்க வண்டியில வந்து எறங்கு, போதும். அந்த வீட்ல நான் கொஞ்சம் நிமிந்து நடந்துக்கிருவேன்.”

“வாரேன்த்தா. ஆரனடிச்சு ஊரையே எழுப்பிக்கிட்டு வாரேன்” என்றேன்.

வாக்குக் கொடுத்தபடி எல்லாம் செய்தேன். என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதிரசம் சுட்டாள். நார்ப்பெட்டிகளில் அடுக்கி, வெள்ளைத்துணி போட்டுக் கட்டினோம். ஒரு மூட்டை அரிசி, வாழைத்தார், மாலை போட்ட கிடாய் ஒன்று. கிளம்புகிற நேரத்தில் டீசல் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் பெட்ரோல் பங்குகளில் அடிக்கடி ‘ஸ்டாக் இல்லை’ என்று பலகை தொங்கும். அதனால் ஒரு டின்னில் டீசலைப் பிடித்து, மூடி இல்லாததால் வாயில் துணியை அடைத்து வண்டிக்குக் கொண்டுவந்தேன்.

“ஏங்க, டின்னை முன்னாடி காலடியில வைங்க. நான் பிடிச்சுக்கிறேன்” என்றாள் மனைவி.

“மிதியடி நாறிப்போகும். சீட்டுல பட்டுச்சுன்னா கறை போகாது” என்று சொல்லி, டின்னைப் பின்னால் நார்ப்பெட்டிகளுக்கு நடுவே செருகினேன். பக்கத்தில் கிடாயைக் கட்டினேன். ரெக்ஸின் சீட்டைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வண்டியை எடுத்தேன்.

சமயநல்லூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் தடதடவென்று கிடாய் குதிக்கிற சத்தம். “கொஞ்சம் நிப்பாட்டிப் பாருங்க” என்றாள். “கெடா சும்மா நிக்குமா?” என்று ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும், “டீசல் வாடை ஒரேயடியா வருதுங்க” என்றாள்.

“டீசல் வண்டியில பிச்சிப்பூ வாடையா வரும்?” என்றேன்.

நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று ஊர் எல்லை வரைக்கும் எனக்குள்ளேயே அதைச் சொல்லிச் சொல்லி ரசித்துக்கொண்டு போனேன்.

கோயில் வாசலில் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று இஞ்சினை நிறுத்தாமல் அப்படியே உறும விட்டேன். இளவட்டங்கள் ஓடிவந்து பெட்டிகளை இறக்கினார்கள். வண்டி விட்ட புகையில் யாருக்கும் வேறு வாடை தெரியவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு என் தங்கை நின்றாள். வண்டியைப் பார்த்தாள். உடனே திரும்பி மாமியார் முகத்தைப் பார்த்தாள். அப்போது அவள் நின்ற நிலை இருக்கிறதே, அதைப் பார்த்தது போதும், அந்த வண்டி எனக்கு வேறொன்றும் சம்பாதித்துத் தர வேண்டாம் என்று தோன்றியது.

பிறகுதான் பெட்டியைப் பிரித்தார்கள். மாமியார் அதிரசத்தை எடுத்தார். கேட்டார். நான் சிரித்தேன்.

“சிரிக்கிறீகளே மருமகனே, மோந்து பாருங்க” என்று அதே அதிரசத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

குனிந்து, நிதானமாக மோந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“ஒண்ணும் இல்லையே அத்தே. ஏலக்காய் வாடைதான நல்லா வருது” என்றேன்.

பந்தலே அதிர்ந்தது. ஓரகத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏய், பக்கத்துல யாரும் தீக்குச்சி கிழிச்சிராதீகடி! சீரு பத்திக்கிரும்!” என்றாள். ஆம்பளைகள் பக்கத்திலும் சிரிப்பு பரவியது. என் மனைவி முன்னால் வந்து நார்ப்பெட்டியைச் சாய்த்துக் காட்டினாள். அடிப்பக்கம் கறுத்து ஊறிப்போயிருந்தது. அடுத்த பெட்டியும் அப்படியே. அரிசி மூட்டையின் ஒரு மூலை ஈரம். பந்தல் ஓரத்தில் மாலையோடு நின்ற கிடாயின் பின்னங்கால்கள் டீசலில் பளபளத்தன. 

“வாடிப்பட்டிக்குப் போயி மிட்டாயும் பழமும் வாங்கியாந்துர்றேன் அத்தே. ஒரு எட்டு. வண்டி இருக்கு” என்றேன்.

“வண்டி இருக்குறதுதான் எங்க மூக்குக்கே தெரியுதே” என்றார் அவர்.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, தங்கை வந்து என்னை உட்காரவைத்துப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் அவன் முகத்தைச் சுளித்து, என் சட்டையைத் தள்ளி, வீறிட்டான். ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. “பாத்தியா, பச்சப்புள்ளைக்குத் தெரியுது, மாமனுக்குத் தெரியல” என்று யாரோ சொல்ல, அடங்கின சிரிப்பு மறுபடி கிளம்பியது. நான் தலையைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்து ஊர் சிரித்ததுகூடப் பெரிதில்லை, அதை என் தங்கை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கும் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப் போகிறவள் அவள்தான். எனக்கு வண்டி ஏறினால் காளவாசல்.

தங்கை பிள்ளையை வாங்கி என் மனைவி கையில் கொடுத்தாள். பிரித்துக் கிடந்த நார்ப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு அதிரசத்தை எடுத்தாள். பிய்த்துக்கூடப் போடாமல் அப்படியே கடித்து மென்றாள். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. அதைத் துடைக்கவில்லை.

“நல்லாத்தான இருக்கு” என்றாள். “எங்கண்ணே கொண்டாந்தது.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஓரகத்தி மட்டும் மூக்கில் வைத்த சேலைத் தலைப்பை இன்னும் எடுக்கவில்லை.

மாமியார் கையில் அந்த அதிரசம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் அடுத்த கடி கடித்துக்கொண்டிருந்தாள்.

“தள்ளி உக்காரு” என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அதிரசத்தை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை வாயில் போட்டு, ஓரகத்தியையே பார்த்துக்கொண்டு, அவள் சேலைத் தலைப்பை இறக்கும்வரை மென்றார்.